கூன் முளைக்கும் இடம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மொட்டைமாடிக்கு ஏறி வானத்தைப் பார்த்தேன். பல் தேய்ப்பது, பால் பாக்கெட்டை எடுப்பது எல்லாம் அப்புறம்தான். மலைப்பக்கம் ஒரே கருப்பு. நேற்று இடித்த இடியில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இடி இடித்தால் கூன் முளைக்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களின் கணக்கு.

கூன் என்றால் இங்கே காளான். திருச்சியிலிருந்து இந்த ரப்பர் தோட்டத்து ஊருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், "பிள்ளே, ஒனக்குக் கூனு பிடிக்குமா?" என்று என் கணவரின் அக்கா கேட்டார். நான் சட்டென்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அதை அவர் இன்றுவரை நடித்துக் காட்டாத கல்யாண வீடு கிடையாது.

இந்த மழைதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டே ஏழு வருடமாக இழுக்கும் முனைவர் பட்டம், இந்த வருடத்தோடு பதிவு காலாவதி. காட்டில் தானாக முளைக்கும் காளான்களின் சத்தும் மருத்துவ குணமும் என்பது தலைப்பு. மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு என் வழிகாட்டி சுகிர்தா மேடம், "எல்லாம் சரியா இருக்கு பியூலா, ஆனா புதுசா ஒண்ணும் இல்லை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இப்போது ஒரு யோசனை இருக்கிறது! காளானில் எர்கோஸ்டீரால் என்று ஒரு பொருள் உண்டு. வெயில் பட்டால் அது வைட்டமின் டி ஆகிவிடும், நம் தோலில் நடப்பதைப் போலவே. வளர்ப்புக் காளானில் இதைச் சோதித்திருக்கிறார்கள். கறையான் புற்று மண்ணில் முளைக்கிற எங்கள் ஊர்க் கூனில் யாரும் செய்ததாக, நான் தேடியவரை, தெரியவில்லை. எனக்கு வேண்டியது ஒரு கூடை கூன். அது எந்தச் சந்தைக்கும் வராது. எடுத்தவர் அன்றைக்கே சமைத்துத் தின்றுவிடுவார்.

ஜூன் 5

மைனி சாயா குடிக்க வந்தார். மைனி என்று நான் கூப்பிடுவது அந்த நாத்தனாரைத்தான், ஞானபாய். இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார், தையல் கடை வைத்திருக்கிறார். வருடா வருடம் மழைக்கு ஒரு கூடை கூனோடு எங்கிருந்தோ வருவார்.

"மைனி, நீங்க கூன் எங்க எடுக்கிறீங்க?"

சாயாவை ஊதினார். "மண்ணுல."

"எந்த மண்ணுல?"

"ஈர மண்ணுல."

"மைனி!"

"பிள்ளே, எனக்க நகை எங்க இருக்குன்னு கேளு, சொல்லுவேன். கூனு எடுக்கிற எடத்தக் கேக்கப்பிடாது. எனக்க மாப்ள சாவது வரைக்கும் கேட்டாரு. சொன்னேனா?"

"அவர்கிட்டயுமா?"

"அவருக்கும் ஒரு எடம் உண்டும்லா. அவரு சொன்னாரா? கொண்டுட்டே போயிட்டாரு."

இருவரும் சிரித்தோம். அவர் போனபிறகு எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு விஞ்ஞானக் கேள்வி, ஒரு கூடை காளான், அதற்கு இவ்வளவு ரகசியமா?

ஜூன் 9

தனியாக ரப்பர் தோட்டங்களில் அலைந்தேன். காலெல்லாம் அட்டை கடித்ததுதான் மிச்சம். என் கணவர் எட்வின் சேலத்திலிருந்து போனில், "காளான்தானே, கடையில வாங்கிக்கயேன்" என்கிறார். வங்கிக்காரர். எதுவும் கடையில் கிடைக்கும்.

ஜூன் 12, வியாழன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

விடியும்போது யாரோ சமையலறை ஜன்னலைத் தட்டினார்கள். மைனி. தலையில் பிளாஸ்டிக் கவர், கையில் மூங்கில் கூடை.

"செருப்பப் போடு. சத்தம் போடாத."

"எங்க மைனி?"

"ஒனக்க படிப்பு இந்த வருசத்தோட முடியணும்லா. வா."

காலாவதி விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. எட்வின் சொல்லியிருக்க வேண்டும்.

எந்த வழியாகப் போனோம் என்பதை இங்கே எழுதவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஓர் ஏற்றம் இருந்தது. முழங்கால் வலிக்கு மைனி இரண்டு இடத்தில் நின்றார். நின்றபோதெல்லாம் வலியைச் சொல்லாமல் ஒரு மரத்தையோ பறவையையோ காட்டினார். பிறகு ஒரு சரிவில் சருகுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, நடுவில் ஒரு மொட்டு முனையோடு, பாதி விரிந்த குடைகள். நான் "அதோ!" என்று கையை நீட்டினேன். மைனி என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டார்.

"விரல நீட்டிக் காட்டாத. மடக்கிக் காட்டு. நீட்டினா வளராது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மடக்கிய விரலால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே எடுத்தோம். தண்டு வேர்போல மண்ணுக்குள் நீளமாக இறங்கிப் போகிறது. அதன் அடியில் கறையான்களின் தோட்டம்! இலைகளையும் மரத் துகள்களையும் மென்று மெத்தை கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தின்று வாழ்கின்றன. மனிதர்கள் எவ்வளவோ முயன்றும் இதைப் பண்ணையில் வளர்க்க முடியவில்லை. பூச்சிக்குத் தெரிந்த விவசாயம்! இருபது வருடமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை இன்றுதான் மண்டியிட்டுப் பார்த்தேன்.

"போட்டோ எடுக்கலாமா மைனி?"

"கூன எடு. எடத்த எடுக்காத."

அப்படியே செய்தேன். கிட்டத்தில் வைத்து, காளானும் ஒரு பிடி மண்ணும் மட்டும் தெரிகிற மாதிரி. படத்தில் ஒரு மரம்கூட விழவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

திரும்பும்போது மைனி நின்றார். "யாருக்கும் சொல்லப்பிடாது. எட்வினுக்கும். சர்ச்சில போதகர் கேட்டாலும்."

"சொல்ல மாட்டேன்."

"ஒருத்தன் அறிஞ்சா ஊரே சாக்கு கொண்டு வரும். மண்ணக் கிண்டிப்போடுவானுவ. பின்ன கூனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பாதியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். மீதியை மைனி தேங்காய் போட்டுத் துவரன் வைத்தார், மரச்சீனிக்கிழங்கோடு. விஷக் காளான் என்றால் மஞ்சள் நிறம் மாறும் என்பது இங்கே நம்பிக்கை; அவர் மஞ்சள்பொடி போட்டபோது மாறுகிறதா என்று பார்ப்பதைக் கவனித்தேன்.

"மைனி, கொல்லுகிற காளானும் மஞ்சள்ல நிறம் மாறாது. அதை நம்பி யாரும் சாப்பிடக்கூடாது."

"அப்ப ஒனக்குத் துவரன் வேண்டாம்?"

"இது எனக்குத் தெரிஞ்ச காளான். தெரியாததைத்தான் சொல்றேன்."

"தெரியாதத நான் எதுக்கு எடுக்கேன்? ஆனா மஞ்சளு இல்லாத துவரனுக்கு ருசி இல்ல, கேட்டியா." அதோடு அந்த வாதம் முடிந்தது. கறியைப் போன்ற ருசி. நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14

மழைக்காலத்தில் வெயிலுக்குக் காத்திருப்பவள் உலகத்தில் நான் ஒருத்திதான். ஒரு தட்டு நிழலில், ஒரு தட்டு வெயிலுக்கு. காளானின் அடிப்பக்க மடிப்புகள் மேலே பார்க்கும்படி மல்லாத்தி வைக்கவேண்டும், அங்கேதான் வெயில் அதிகம் வேலை செய்யும். வெயில் தலைகாட்டியதும் தட்டோடு மாடிக்கு ஓடுகிறேன். தட்டை வைத்து நிமிர்ந்தால் தூறல். கீழே ஓடிவந்தால் வெயில். பக்கத்து வீட்டு அம்மாள் அவர்கள் மாடியிலிருந்து, "டீச்சருக்கு எந்தா, வேண்டுதலா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். பொய்யில்லை.

ஜூன் 15

ஆராதனை பாதியில் வெயில் அடித்தது. எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

சாப்பிடக்கூட உட்காராமல் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்துக் கருவியில் முதலில் நிழலில் காய்ந்ததை ஏற்றினோம். திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து போனது. அடுத்தது வெயிலில் காய்ந்தது. வைட்டமின் டி வரவேண்டிய நிமிடத்தில் கோடு மேலே ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. "நில்லு, நில்லு" என்று நான் திரையோடு பேசிக்கொண்டிருந்தேன். சுகிர்தா மேடம் நம்பாமல் இன்னொரு முறை ஏற்றச் சொன்னார். அதே மலை. மூன்றாம் முறையும் அதே மலை.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பியூலா, இது புதுசு."

மற்ற கணக்குகளும் நன்றாகவே வந்திருக்கின்றன. காய்ந்த எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு புரதம். கொழுப்பு மிகக் குறைவு. பொட்டாசியம், பி வகை வைட்டமின்கள், நார்ச்சத்து. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு இங்கே கூன் சாறு வைத்துக் கொடுப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் பீட்டா குளுக்கான்கள் இதில் இருக்கின்றன. ஆனால் அதை மருந்து என்று நான் எழுதமாட்டேன். சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் நடக்கும் என்று எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த மலை! அதை யாரும் மறுக்க முடியாது.

வெயிலைத் தின்னமுடியும் என்று வகுப்பில் சொல்லப்போகிறேன். பிள்ளைகள் விழிப்பார்கள்.

பஸ்ஸில் வரும்போது நேராக உட்கார்ந்து வந்தேன். வந்ததும் மேடம் கேட்ட போட்டோக்களை மெயிலில் அனுப்பினேன். தெளிவாக இருக்கவேண்டும் என்று அவர் சொன்னதால் சுருக்காமல், எடுத்தது எடுத்தபடியே.

ஜூன் 24

மைனிக்கு டாக்டர் வைட்டமின் டி குறைவு என்று வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாராம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கருவியில் வந்த கோட்டைப் படம் வரைந்து காட்டினேன்.

"இம்புட்டும் எனக்க கூனுலயா?"

"உங்க கூன்லதான். வெயில்ல காயவெச்சா."

"அப்ப மாத்திரைய நிறுத்திரலாமா?"

"கூடவே கூடாது மைனி. டாக்டர் சொல்றவரைக்கும் மாத்திரை. இது சாப்பாடு."

"இதச் சொல்லவா ஏழு வருசம் படிச்ச?" என்று வாரினார். ஆனால் அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். இனி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

போகும்போது வாசலில் நின்று முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருசம் எனக்கு அந்த ஏத்தம் ஏற ஒக்காது. எடம் இனி ஒனக்குத்தான். நீ எடுத்துட்டு வந்து எனக்குத் துவரன் வெச்சுத் தா, போதும்."

"மஞ்சள் போடமாட்டேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் உள்ளே வந்து, கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவினேன்.

ஜூன் 28, சனி

மேடம் போன் செய்தார். குரலிலேயே கொண்டாட்டம்.

"அத்தியாயத்தைப் படிச்சுட்டேன். அருமை. மாதிரி எடுத்த இடம்னு ஒரு வரி காலியா விட்டிருந்தியே, நானே எழுதிட்டேன்."

"எப்படி மேடம்?"

"உன் போட்டோவிலேயே இருக்கே. போன்ல லொகேஷன் போட்டு வெச்சிருக்க. அட்சரேகை, தீர்க்கரேகை, எல்லாம் துல்லியமா இருக்கு."

காளானும் ஒரு பிடி மண்ணும் மட்டும்தான் அந்தப் படத்தில் இருந்தது. மரம்கூட விழாமல் எடுத்தேன். இடத்தைப் போன் தானாகவே எழுதிவைத்துக்கொண்டது.

"இடத்தை விட்டுட முடியாதா மேடம்? அங்க எடுக்கிறவங்க ரகசியமா வெச்சிருக்காங்க."

"இடம் இல்லாம மாதிரியை எப்படி ஏத்துக்குவாங்க? நாளைக்கு இன்னொருத்தர் போய்ச் சரிபார்க்க வேண்டாமா? அடுத்த சனிக்கிழமை எம்.எஸ்ஸி. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வேன்ல வர்றேன். நீதான் வழி காட்டணும்."

அவர் சொன்னது நியாயம். நானே என் மாணவிகளிடம் அதைத்தான் சொல்வேன்.

ஜூன் 29, ஞாயிறு

மைனிக்குத் தெரிய வழியே இல்லை. இங்கிலீஷ் ஆய்வேட்டை இந்த ஊரில் யார் படிக்கப்போகிறார்கள்? வேன் ஒரு தடவை வரும், போகும். பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கு ஒன்று பிடுங்குவார்கள், படம் எடுப்பார்கள். படத்தை எங்கெங்கோ போடுவார்கள்.

சர்ச்சில் மைனி வழக்கம்போல் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். எனக்குத் தலைவலி என்று பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

எட்வினிடம் போனில் சொன்னேன். இடத்தைச் சொல்லவில்லை, சங்கதியை மட்டும். "ஏழு வருஷப் படிப்பா, அக்காவோட காளானா? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் வீட்டில் உள்ள திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தேன். இந்த மழையில் எப்படிக் காயும்?

சாயங்காலம் மைனி வந்தபோது சாயாவில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று முழுக்க இடி. இன்று கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் கிளம்பினேன். போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன்.

எதைத் தேடிப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மைனியின் ஏற்றத்துக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தேன். அன்று மண்டியிட்டுப் பார்த்த மண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்: சரிவு, மக்கிய இலை, காலுக்குக் கீழே லேசாகப் புடைத்த தரை. ஒன்றுமில்லை. இன்னொரு தோட்டம். ஒன்றுமில்லை. திரும்பிவிடலாம் என்று ஒரு மரத்தில் சாய்ந்தபோது, என் செருப்பை ஒட்டி ஒரு வெள்ளை மொட்டு. பக்கத்தில் இன்னொன்று. தலையைத் தூக்கினால் சரிவு முழுக்க!

நான் கத்திவிட்டேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களா என்று. நாற்பத்தைந்து வயதுக்காரி காட்டில் தனியாக நின்று குதித்தேன். என் கையைப் பார்த்தேன், விரல் மடங்கியிருந்தது.

நான்கே நான்கு எடுத்தேன், சோதித்துப் பார்ப்பதற்கு. தின்பதற்கு இல்லை. மீதியைச் சருகு போட்டு மூடினேன். மூடும்போதுதான் உறைத்தது, நான் ஏன் மூடுகிறேன்?

வீட்டு வாசலில் மைனி. என் காலைப் பார்த்தார். "சேறு நல்ல செகப்பா இருக்கே பிள்ளே."

"ஆமா மைனி. சும்மா நடந்தேன்."

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். "நடக்கியது நல்லதுதான்" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவரிடம்கூட! அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க எனக்கு மனதில்லை. போன மாதம் அவர்மேல் எரிச்சல்பட்டவள் நான்தான்.

ஜூலை 2

காளானைக் கவிழ்த்து வெள்ளைத்தாளில் வைத்துக் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடியிருந்தேன். காலையில் தாளில் விதைத்தூள் வெளிர் ரோஜா நிறத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது. நுண்ணோக்கியிலும் பார்த்தாயிற்று. அதே கூன். சந்தேகமே இல்லை.

ஜூலை 3, வியாழன்

இன்று வகுப்பில் வெயிலைத் தின்பதைப் பற்றிச் சொன்னேன். ஒரு பெண், "அப்ப எங்க மேம் கிடைக்கும்?" என்று கேட்டாள். வகுப்பே என்னைப் பார்த்தது. மழையைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் அதுவாகவே வந்தது, நான் அதிகம் யோசிக்கவில்லை.

நாளைக் காலை மேடத்துக்குப் போன் செய்வேன். மைனியின் இடத்துக் கூனை வைத்து எழுதிய அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன், அந்தப் படங்களை அழித்துவிடுங்கள், ஆய்வேட்டில் போட வேறு இடம் தருகிறேன் என்பேன். கத்துவார். மூன்று முறை வந்த அந்த மலையை விட்டுக்கொடுக்கிறேன் என்பதை அவரால் நம்பமுடியாது. என் இடத்துக் கூனை எடுத்து, மறுபடி தட்டோடு மாடிக்கு ஓடி, மறுபடி கருவிக்குப் போகவேண்டும். அதே மலை வருமா, தெரியாது. வராமலும் போகலாம், வருடம் முடிந்தும் போகலாம். வரும் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் மைனியிடம் போட்டோ விஷயத்தைச் சொல்வேன். அவர் அதன்பிறகு சாயா குடிக்க வராமல் போனாலும் சொல்வேன்.

சனிக்கிழமை வேன் வரும். முன்சீட்டில் நான் ஏறிக்கொள்வேன். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் டிரைவர் எந்தப் பக்கம் என்று கேட்பார். என் சரிவு இடப்பக்கம்; மைனியின் ஏற்றம் அங்கே இல்லை. நான் இடப்பக்கம் காட்டுவேன், பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி, விரலை நீட்டி.